பல்சர் மாத்துனேன், சீல் கம்பி அறுந்துச்சு, இப்ப நோட்டீஸ் வந்திருக்கு

கேள்வி: பெட்ரோல் பங்க் வச்சிருக்கேன் சார். மூணு வாரம் முன்னாடி ஒரு டிஸ்பென்சர்ல (பெட்ரோல் ஊத்துற மெஷின்) பல்சர்ங்கற சின்ன பார்ட் போயிடுச்சு, சர்வீஸ் மெக்கானிக் வந்து எடையளவு அதிகாரி போட்ட சீல் கம்பிய கட் பண்ணி புதுசு மாட்டிட்டு, அதே கம்பிய முறுக்கி விட்டுட்டு போயிட்டாரு. போன வாரம் எடையளவு அதிகாரி வந்து 20 லிட்டர் கேன்ல அளந்து பாத்தா 130 மில்லி கொறையுது. டிஸ்பென்சர பூட்டிட்டு, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் குடுத்திருக்காங்க. நான் எந்த தில்லுமுல்லும் பண்ணல. என்ன பதில் எழுதுறது?

பதில்: மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், உங்க கேஸ்ல 130 மில்லி ரெண்டாவது பிரச்சனைதான், மொத பிரச்சனை அந்த கம்பி. இத படிக்கிறவங்க பல நாட்டுல இருக்கீங்க, அதனால செக்‌ஷன் நம்பர் எதுவும் போடல, உங்க நோட்டீஸ்ல என்ன செக்‌ஷன் போட்டிருக்கோ அத உங்க ஊர் வக்கீல்கிட்ட காட்டிக்கோங்க. ஆனா அடிப்படை எங்கயும் ஏறக்குறைய ஒன்னுதான், ரிப்பேருக்காக சீல் உடைச்சா அதிகாரியோ லைசென்ஸ் உள்ளவரோ திரும்ப அளவ சரிபாத்து ஸ்டாம்பிங் பண்ற (முத்திரை போடுற) வரைக்கும் அந்த மெஷின்ல விக்கக் கூடாது. நீங்க மூணு வாரம் வித்திருக்கீங்க. அளவு கரெக்டா இருந்திருந்தாக்கூட இதுக்கு பதில் சொல்லித்தான் ஆகணும், பல இடத்துல இதுக்கு கெட்ட எண்ணம் இருந்துச்சான்னு கூட பாக்க மாட்டாங்க. மெக்கானிக் பண்ணாருன்னு சொன்னா அவர்மேல நஷ்டஈடு கேக்க உதவும், உங்கள விடுவிக்காது, ஏன்னா லைசென்ஸ் உங்க பேர்ல.

சரி, இப்ப அந்த 130க்கு வரேன். சர்வதேச சட்டமுறை அளவியல் அமைப்புன்னு 1955ல ஆரம்பிச்ச ஒன்னு இருக்கு, அவங்க ஆர் 117 பரிந்துரைல இந்த மாதிரி டிஸ்பென்சருக்கு 0.5 சதவீதம் வரைக்கும் பிழைய அனுமதிக்கிறாங்க, நெறைய நாட்டு விதி அத ஒட்டித்தான் இருக்கு. 20 லிட்டருக்கு அது 100 மில்லி. நீங்க 30 மில்லி தாண்டிட்டீங்க, சின்ன தொகை மாதிரி தெரியும், ஆனா எந்தப் பக்கம் தாண்டுச்சுங்கறதுதான் வில்லங்கம்.

இத நல்லா புரிஞ்சுக்கோங்க, அதிகாரிக்கு இது தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். மீட்டருக்குள்ள பிஸ்டன் தேஞ்சா எண்ணெய் இடுக்கு வழியா எண்ணப்படாம நழுவிப் போகும், கஸ்டமருக்கு அதிகமா போகும், நஷ்டம் உங்களுக்கு. பல்சர்ங்கறது மீட்டர் சுத்துறத துடிப்பா மாத்தி டிஸ்ப்ளேக்கு அனுப்புற சின்ன பொருள், அது துடிப்ப விட்டுவிட்டு அனுப்புனாலும் காட்டுறத விட அதிகமா ஊத்தும், அதுவும் உங்க நஷ்டம்தான். அதாவது தானா கெடுறது பெரும்பாலும் உங்களுக்கு எதிராத்தான் கெடும். அப்படி இருக்கறப்ப சீல் அறுந்த மெஷின்ல கஸ்டமருக்கு கொறையுதுன்னா யாரோ அட்ஜஸ்ட்மென்ட்ட திருப்பிட்டாங்கன்னுதான் மொதல்ல தோணும். எனக்கே தோணுச்சு, கோவிச்சுக்காதீங்க.

ஆனா தப்பு பண்ணாமலும் கொறையலாம். டேங்க்ல இருந்து வர்ற சக்‌ஷன் லைன்ல லீக் இருந்து காத்து ஏறி, ஏர் செப்பரேட்டரும் அத வெளியேத்தலன்னா மீட்டர் காத்தையும் எண்ணெய்யா எண்ணும். நாசில் பக்கம் ஹோஸ் காலியாகாம பிடிக்கிற வால்வ் ஒழுகுனா, ஹோஸ நெரப்புற எண்ணெய்க்கு அடுத்த கஸ்டமர் காசு குடுப்பார். இதையும் செட்டிங் மாத்துனதையும் எப்படி பிரிக்கிறதுன்னா, டெஸ்ட் ஷீட்ட பாருங்க. அதிகாரி ஒரே ஒரு தடவ அளந்திருக்க மாட்டார். மூணு தடவையும் 130, 128, 131ன்னு வந்திருந்தா செட்டிங் மாறியிருக்கு, உங்களுக்கு கஷ்டம்தான். 40, 130, 75ன்னு தாறுமாறா வந்திருந்தா காத்துதான் காரணமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதனால பதில் எழுதறதுக்கு முன்னாடி அந்த ஷீட்டோட நகல எழுத்துல கேளுங்க, கூடவே கேனோட சான்றிதழ் தேதி, கேன மொதல்ல நனைச்சு வடிய விட்டாங்களா, சமமான தரையில வச்சாங்களான்னும் கேளுங்க. காஞ்ச கேன்ல மொத தடவ ஊத்துனா ஓரத்துல ஒட்டிக்கறது போக லெவல் கொஞ்சம் கம்மியாத்தான் தெரியும். இதெல்லாம் வக்கீல் நொட்டை சொல்ற மாதிரி இருக்கும், 30 மில்லிக்காக சண்டை போடறப்ப இதுதான் சண்டை.

உங்ககிட்ட இருக்கற பேப்பர எல்லாம் எடுத்து வைங்க: மெக்கானிக்கோட ஜாப் கார்டு, அவர் அனுப்புன மெசேஜ், டெய்லி டெஸ்டிங் ரிஜிஸ்டர், டோட்டலைசர் ரீடிங் (மெஷின் மொத்தமா ஊத்துன லிட்டர்), டிப் கணக்கு (டேங்க்ல கோல் விட்டு அளந்த இருப்பு). டிப் கணக்கு மட்டும் நீங்க தனியா உக்காந்து ஒரு தடவ போட்டுப் பாருங்க, மூணு வாரத்துல அந்த டிஸ்பென்சர் 10,000 லிட்டர் வித்திருந்தா 0.65 சதவீதத்துக்கு 65 லிட்டர் டேங்க்ல மிச்சம் நிக்கணும், ஆவியாகறது, சூட்டுல விரியறது கழிச்சு பாத்துக்கோங்க. மிச்சம் இல்லன்னா அது உங்களுக்கு நல்ல சாட்சி. இருந்தா அத முன்னாடியே உங்க வக்கீலுக்கு சொல்லிடுங்க, கோர்ட்ல வந்து தெரிஞ்சா சுத்தமா போச்சு. ரிஜிஸ்டர்ல ஒரு எண்ணக் கூட இப்ப திருத்தாதீங்க, பழைய தேதி போட்டு புதுசா எழுதாதீங்க, மை காய்றதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவாங்க, அப்புறம் எடையளவு கேஸ் போய் ஃபோர்ஜரி கேஸா நிக்கும்.

பதில்ல சீல் விஷயத்த மறைக்காம ஒத்துக்கோங்க, ஏன் உடைச்சது, எந்த தேதில, யார் உடைச்சது, ஏன் ஸ்டாம்பிங்க்கு தகவல் குடுக்கலன்னு நேரா எழுதுங்க. அளவு கொறஞ்சத மட்டும் ஒத்துக்காதீங்க, ரெண்டு தரப்பும் இருக்க மறு டெஸ்ட்டும், ஏர் செப்பரேட்டரையும் ஹோஸ் வால்வையும் அதிகாரி முன்னாடி பிரிச்சுப் பாக்கறதும் கேளுங்க. சில நாட்டுல அபராதம் கட்டி முடிச்சுக்கலாம்னு சொல்வாங்க, ஆசையா இருக்கும், ஆனா ஆயில் கம்பெனியோட உங்க டீலர்ஷிப் அக்ரிமென்ட்ட படிக்காம கையெழுத்து போடாதீங்க, அபராதம் கட்டுனதே தப்ப ஒத்துக்கிட்டதா எடுத்து டீலர்ஷிப்ப ரத்து பண்ற மாதிரி வாசகம் அதுல இருக்கலாம்.

நோட்டீஸ்ல எத்தன நாள்னு போட்டிருக்கோ அது உங்க கைக்கு வந்த நாள்ல இருந்தா, அவங்க தேதி போட்ட நாள்ல இருந்தான்னு பாருங்க. நோட்டீஸ் வந்த கவரயும் பத்திரமா வைங்க, தபால் முத்திரை அதுலதான் இருக்கு.