சட்டம் போட்ட பட்டியல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானிய இயக்குநர் எலோய் டெ லா இக்லேசியாவைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, ஹெராயினுக்கு அடிமையான இளைஞர்களைப் பற்றிய அவருடைய 'எல் பிகோ' (1983) படத்தைப் பார்த்தேன். பல இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தன்பாலீர்ப்பாளர்களை ஏன் எப்போதும் திருடர்களோடும் போதை அடிமைகளோடுமே காட்டுகிறார்? இது அவர்களை இழிவுபடுத்துவதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்களை ஒன்றாகச் சேர்த்து அடைத்தது ஸ்பெயினின் சட்டம். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1970இல் கொண்டுவந்த சமூக அபாயச் சட்டம், பிச்சையெடுப்பவர், பாலியல் தொழில் செய்பவர், போதைக்கு அடிமையானவர், தன்பாலீர்ப்பாளர் எல்லோரையும் ஒரே பட்டியலில் எழுதியது. யாருக்கும் தீங்கு செய்திருக்க வேண்டியதில்லை. அபாயமானவர் என்று நீதிபதி முடிவுசெய்தால் போதும். திருத்துகிறோம் என்று சொல்லிப் பலரை படாஹோஸ், உவெல்வா சிறைகளுக்கு அனுப்பினார்கள். பிராங்கோ 1975இல் இறந்த பிறகும் 1979 தொடக்கம் வரை தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிய பிரிவு அதில் நீடித்தது. இக்லேசியாவே தன்பாலீர்ப்பாளர்தான், கம்யூனிஸ்டும்கூட. அந்தப் பட்டியலுக்குள் இருந்துகொண்டுதான் அவர் படமெடுத்தார்.

'எப்போதும்' என்கிறீர்கள். அதை ஏற்க மாட்டேன். 'லோஸ் பிளாசெரெஸ் ஒகுல்தோஸ்' (1977) படத்தின் நாயகன் வங்கி உயரதிகாரி. 'எல் டிபுதாடோ'வில் இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர். அவரை மிரட்டிப் பணியவைக்கத் துடிப்பவர்கள் வலதுசாரி வெறியர்கள். 'எல் பிகோ'விலேயே போதைக்கு அடிமையான நாயகன் பாகோ மீது உண்மையான அக்கறை கொண்ட வெகுசிலரில் ஒருவர் தன்பாலீர்ப்பாளரான அந்தச் சிற்பி அல்லவா?

படம் கரடுமுரடானது என்பது உண்மை. இசை சில இடங்களில் காதைக் குடைகிறது. ஆனால் ஊசி ஏறும் கையை விட்டு கேமரா விலகாமல் நிற்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பாகோவாக நடித்த ஹோசே லூயிஸ் மன்சானோ நடிப்புப் பயிற்சி இல்லாத ஏழை வீட்டுப் பையன். 1992இல், இருபதுகளிலேயே இறந்துபோனார். இக்லேசியாவும் ஹெராயினில் சிக்கினார். 1987க்குப் பிறகு அவருடைய அடுத்த திரைப்படம் 2003இல்தான் வந்தது. இதை அறிந்த பிறகு அந்தக் காட்சிகளை என்னால் எட்ட நின்று பார்க்க முடியவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டதில் கடைசிக் காட்சியைத் தவறவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. பாகோவின் தந்தை, ராணுவப் பாணியில் இயங்கும் ஸ்பெயின் காவல் அமைப்பான சிவில் காவல்படையின் கமாண்டர். மகனுக்கு எதிரான சான்றுகளோடு தன் சீருடைத் தொப்பியையும் கடலில் எறிகிறார். கருப்பு நிறத் தொப்பி, அலையில் ஆடிக்கொண்டு கிடக்கிறது. அதை மட்டுமாவது இன்னொரு முறை பாருங்கள்.

அன்புடன்.