எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறதே, அதில் அப்படி என்ன இன்பம்?

எனக்கும் இந்த ஆசை உண்டு, கொஞ்சம் அதிகமாகவே. ஒரு துணியைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு நகர மனம் வராது. ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து ஒரு தரம் தேய்த்தால்தான் பார்த்த திருப்தி. மரப்பலகை, கல், புத்தக அட்டை எதுவானாலும் இப்படித்தான். இந்த இன்பத்தில் பாதி பொருளில் இருக்கிறது, மறுபாதி கை நகர்வதில் இருக்கிறது என்பேன்.

சோதித்துப் பாருங்கள். ஒரு பட்டுத் துணிமேல் விரலை வைத்து அசையாமல் இருங்கள். ஏதோ படுகிறது என்று தெரியும், கொஞ்ச நேரத்தில் அதுவும் மங்கிவிடும். இப்போது விரலை லேசாக இழுங்கள். அந்த வழவழப்பு அப்போதுதான் கிடைக்கும். பெரிய மேடுபள்ளங்களை விரல் அசையாமலே கண்டுகொள்ளும். நுண்ணிய இழையும் நெசவும் விரல் நகரும்போது எழும் அதிர்வாகத்தான் நரம்புக்குப் போகின்றன. ஜெர்மன் உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925-லேயே இந்த அதிர்வின் பங்கை வற்புறுத்திச் சொன்னார். தோலின் ஆழத்தில், அடுக்கடுக்கான உறைக்குள் ஒரு நரம்பு முனையோடு, பாசினி நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. நொடிக்கு 200 முதல் 300 முறை வரை வரும் அதிர்வுகளை அவை மிக நன்றாக உணரும்.

விரல்நுனியின் கூர்மையை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், வெறும் 13 நானோமீட்டர் அளவே ஏற்ற இறக்கம் உள்ள வரிகளைக்கூட மனிதர்கள் தடவியே வேறுபடுத்திவிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் 13 பங்கு! இவ்வளவு நுட்பமான உறுப்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒரே கண்ணாடித் திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வெல்வெட். அதன் மேல்பரப்பு முழுக்க நெருக்கமாக வெட்டப்பட்ட நூல்முனைகள், எல்லாம் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும். சாய்ந்த பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் தடவினால் அத்தனை முனைகளும் எழுந்து விரலைத் தடுக்கும், நிறம்கூட ஒரு சாயல் மாறும். ஒரே துணிக்குள் இரண்டு துணி இருக்கிறது. விரலால் அதில் ஒரு கோடு போட்டு, உள்ளங்கையால் அழித்து, மறுபடி கோடு போட்டுக்கொண்டே இருப்பேன், அலுக்கவே அலுக்காது.

கம்பளி வேறு மாதிரி. சிலது மெத்தென்று இருக்கிறது, சிலது கழுத்தில் பட்டாலே குத்துகிறது. காரணம் பெரும்பாலும் இழையின் தடிமன். சுமார் 30 மைக்ரோமீட்டரை, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 30 பங்கைத் தாண்டிய இழையின் முனை தோலில் பட்டதும் வளையாமல் நின்று குத்தும்; மெல்லிய இழை வளைந்துகொடுத்துவிடும். கம்பளியே ஆகாது என்று ஒதுக்கியவர்கள் மெல்லிய இழை கொண்ட மெரினோ ஆட்டுக் கம்பளியை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

உலோகம் குளிர்ச்சியாகவும் மரம் இதமாகவும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே அறையில் வெகுநேரம் கிடந்தால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். உலோகம் நம் கையின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இதைவிட எனக்கு வியப்பு ஈரம். ஈரத்தை உணர நம் தோலில் தனி உணர்வி கிடையாது. குளிர்ச்சியையும் தொடும் உணர்வையும் சேர்த்து மூளையே ‘இது ஈரம்’ என்று முடிவுசெய்கிறது. குளிர்ந்த காலையில் கொடியில் கிடக்கும் துணி காய்ந்ததா இல்லையா என்று குழம்புகிறோமே, அது இதனால்தான்.

அப்புறம், விரல்நுனியோடு நிறுத்திவிடாதீர்கள். முன்கையிலும் கன்னத்திலும், அதாவது மென்முடி உள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாகத் துடிக்கும், அந்த வேகம்தான் மனத்துக்கும் இதமாக இருக்கிறது. போர்வையின் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளும் குழந்தை இதை யாரும் சொல்லித் தராமலே செய்கிறது. விரல் அந்தப் போர்வை எப்படிப்பட்டது என்று ஆராயும்; கன்னம் அதில் சுகம் காணும்.

எல்லாப் பொருளும் எல்லாருக்கும் இதமாக இருக்காது என்பதும் உண்மை. எனக்கு மைக்ரோஃபைபர் துணி ஆகாது, காய்ந்த விரல்நுனியின் சொரசொரப்பில் அதன் இழைகள் மாட்டி இழுக்கும்போது உடம்பே கூசும். சிலருக்குச் சுண்ணக்கட்டி, சிலருக்குத் தெர்மாகோல். குழந்தைகள் ஒரு துணியைப் போடமாட்டேன் என்று அழுதால் அடம் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர்கள் தோலுக்கு அது உண்மையாகவே தாங்காததாக இருக்கலாம்.

நீங்களும் இதில் ஆசையுள்ளவர் என்றால் உப்புத்தாளில் தொடங்குங்கள். 80, 220, 400 என்று எண் ஏற ஏற மணல் நுண்ணியதாகும். ஒரு மரத்துண்டை அதே வரிசையில் தேய்த்து, ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் தடவிப் பாருங்கள். கடைசியில் ஒரு மெல்லிய தாளை மரத்தின்மேல் போட்டு, தாளோடு சேர்த்து விரலை நகர்த்துங்கள். தோல் உரசுவது நின்றுவிடுவதால், வெறும் விரலுக்குப் பிடிபடாத மெல்லிய மேடுபள்ளம்கூட இப்போது தெரியும்.