14 கோப்பையும் 14 வயதும்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. மகனுக்கு 14 வயது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு முழு நேரமும் டென்னிஸ் ஆட வேண்டும் என்கிறான். கோச்சும் "இப்போது விட்டால் அப்புறம் பிடிக்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் தயங்கினால், "நடால் 19 வயதிலேயே பிரெஞ்சு ஓபன் ஜெயித்தார். அவர் வீட்டில் உங்களைப் போல யோசித்திருந்தால் நடந்திருக்குமா?" என்று கேட்கிறான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். தட்டிக்கழிக்காமல் அதற்கே பதில் சொல்வோம். ஏனென்றால் நடால் வீட்டில் உங்களைப் போலத்தான் யோசித்தார்கள்.

முதலில், அவன் அந்தச் சாதனையில் மயங்கிப் போயிருப்பதில் தப்பே இல்லை. 2005-இல், பிரெஞ்சு ஓபன் நடக்கும் பாரிஸில் முதல் முறையாகக் களம் இறங்கினார் ஸ்பெயின் வீரர் ரஃபேல் நடால். ஜூன் 3 அவருடைய 19-ஆவது பிறந்தநாள். அன்றைக்கு அரையிறுதியில் எதிரே நின்றவர் ரோஜர் ஃபெடரர், அப்போதைய உலகின் முதல் நிலை வீரர். அவரை வென்று, இரண்டு நாள் கழித்து இறுதியில் மரியானோ புயர்ட்டாவையும் வென்றார். முதல் செட்டை டைபிரேக்கரில், அதாவது 6-6 என்று சமநிலை ஆனதும் ஆடும் தீர்வு ஆட்டத்தில், இழந்துவிட்டு, அடுத்த மூன்றையும் எடுத்தார். அங்கிருந்து 2022 வரை அதே மைதானத்தில் 14 பட்டங்கள். இறுதிப் போட்டிக்குப் போனது 14 முறை, தோற்றது ஒரு முறைகூட இல்லை. மொத்தம் 112 வெற்றி, 4 தோல்வி. அந்த நான்கில் இரண்டு ஜோகோவிச்சிடம், 2015-இலும் 2021-இலும். ஒன்று 2009-இல் ராபின் சோடர்லிங்கிடம், கடைசியாக ஒன்று 2024-இல் ஸ்வெரேவிடம். 2008, 2010, 2017, 2020 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஒரு செட்டைக்கூட விடாமல் கோப்பையை எடுத்திருக்கிறார். ஐந்து செட் ஆட்டமாக ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டிய போட்டியில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று ராக்கெட் பிடித்த பிள்ளைக்குத்தான் முழுசாகத் தெரியும்.

அந்தக் களத்துக்கும் அவர் ஆட்டத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம். களிமண் தரை என்று சொல்கிறோமே தவிர, மேலே இருப்பது செங்கல் பொடி, ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான். அடியில் சுண்ணாம்புக்கல். பந்து அதில் பட்டதும் வேகம் குறைந்து மேலே எழும்பும். நடால் இடது கையால் டாப்ஸ்பின் ஏற்றி, அதாவது பந்து முன்னோக்கிச் சுழலும்படி, அடிக்கும் ஃபோர்ஹேண்ட், வலது கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது அவருடைய இடது பக்கம், தோள் உயரத்துக்கு வந்து நிற்கும். தோள் உயரத்தில் பேக்ஹேண்ட் அடிப்பது யாருக்கும் சிரமம். அதையே மணிக்கணக்கில் செய்ய வைப்பார். இத்தனைக்கும் நடால் எழுதுவது வலது கையால்தான். சின்ன வயதில் இரண்டு பக்கமும் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தவர், அப்புறம்தான் இடது கை ஆட்டக்காரர் ஆனார்.

சரி. உங்கள் மகன் கதையை 2005-இல் ஆரம்பிக்கிறான். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய ஏழெட்டு வருடம்.

ஸ்பெயினின் மஜோர்கா தீவில் மனகோர் என்ற ஊர். அப்பா செபாஸ்தியான் தொழில் செய்பவர். கோச், அப்பாவின் தம்பி டோனி, அதாவது சித்தப்பா. இன்னொரு சித்தப்பா மிகேல் ஏஞ்சல் பார்சிலோனா அணிக்கும் ஸ்பெயினுக்கும் கால்பந்து ஆடியவர். ஆக, தொழில்முறை விளையாட்டு என்றால் என்ன, அதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்த விஷயம். மற்றக் குடும்பங்களுக்கு அது தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அதனால்தான் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறையாக நினைக்காதீர்கள்.

11 வயதில் ரஃபேல் 12 வயதுக்குட்பட்டோருக்கான ஸ்பெயின் பட்டத்தை வென்றார். வீடே கொண்டாட்டத்தில் இருந்தது. டோனி சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? டென்னிஸ் சம்மேளனத்துக்குப் போன் போட்டு, பத்திரிகைக்காரர் போலப் பேசி, அதே பட்டத்தை முந்தைய 25 வருடங்களில் வென்றவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். கொண்டாட்டத்தின் நடுவிலே பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "இவரைத் தெரியுமா?" தெரியாது. "இவரை?" தெரியாது. 25 பேரில் பெரியவர்கள் ஆட்டத்தில் ஓரளவு பேர் வாங்கியவர்கள் ஐந்து பேர். அந்த நாட்டிலேயே சின்ன வயதில் முதலிடம் பிடித்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான்.

சிலருக்கு இது கொடுமையாகத் தோன்றும். 11 வயதுப் பையனின் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றலாமா என்று வீட்டிலும் வருத்தப்பட்டிருப்பார்கள். என் அபிப்பிராயம் வேறு. அந்தப் பட்டியலைக் காட்டியும் அவர் பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாளும் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, கூடவே நிற்பது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஆலோசனை இல்லை.

அடுத்தது 12 வயது. ரஃபேல் கால்பந்தும் ஆடிக்கொண்டிருந்தார், அதிலும் கெட்டிக்காரர். அப்பா ஒரு நாள் கூப்பிட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றார். காரணம் படிப்பு. இரண்டு விளையாட்டும் ஓடினால் பள்ளிக்கு நேரம் இருக்காது. கவனியுங்கள், அந்த அப்பா விளையாட்டா படிப்பா என்று கேட்கவில்லை. படிப்பு அசையாமல் இருந்தது. விளையாட்டுகளில்தான் ஒன்று போனது.

இனி உங்கள் மகனின் வயதுக்கு வருவோம். 14 வயதில் ஸ்பெயின் டென்னிஸ் சம்மேளனம் ரஃபேலை பார்சிலோனாவுக்கு அனுப்பச் சொன்னது. வசதியான பயிற்சி, கூட ஆட நல்ல பையன்கள், பண உதவி. குடும்பம் மறுத்துவிட்டது. படிப்பு கெடும் என்பது ஒரு காரணம். நல்ல ஆட்டக்காரன் ஆக வீட்டை விட்டுப் போய்த்தான் தீர வேண்டும் என்பதை டோனி ஒப்புக்கொள்ளவில்லை என்பது இன்னொன்று. உதவிப் பணம் குறைந்தது, செலவை அப்பா ஏற்றுக்கொண்டார். பையன் தீவிலேயே இருந்தான். உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான். இதை அப்படியே அவனிடம் சொல்லுங்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நடால் பல்கலைக்கழகம் போனவர் இல்லை. 15 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 16 வயது நிறைவதற்குள், 2002 ஏப்ரலில், மஜோர்காவிலேயே ராமோன் டெல்காடோவை வென்று, ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் போட்டியில் முதல் வெற்றியைப் பெற்றார். 17 வயதில் விம்பிள்டனில் மூன்றாவது சுற்று. ஒரு கட்டத்தில் டென்னிஸ் முன்னால் வந்தது, படிப்பு பின்னால் போனது. ஆனால் அந்த மாற்றம் நடந்தது பெரியவர்களை வென்று காட்டிய பிறகு. வென்று காட்டுவான் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே நடக்கவில்லை. உங்கள் வீட்டில் இப்போது பேசிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது வகை.

"முதல் முயற்சியிலேயே பிரெஞ்சு ஓபன்" என்று எல்லோரும் சொல்வதற்குள் ஒரு வலி ஒளிந்திருக்கிறது. 2003-இலும் 2004-இலும் அங்கே ஆடியிருக்க வேண்டியவர். இரண்டு தடவையும் காயத்தால் போக முடியவில்லை. 2005-இல் கோப்பையைத் தூக்கிய அதே வருடக் கடைசியில் இடது பாதத்தில் எலும்புக் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். இனி ஆட முடியாமல் போகலாம் என்றார்கள். 19 வயதுச் சாம்பியன் அழுதுகொண்டு கிடந்தபோது, டென்னிஸ் இல்லாவிட்டால் கோல்ஃப் இருக்கிறதே என்று அப்பா சொன்னார். அந்தப் பாதம் கடைசி வரை விடவில்லை. 2022-இல் 14-ஆவது கோப்பையை மரத்துப்போகும் ஊசி போட்ட காலோடுதான் வென்றார். நடாலின் பாதத்துக்கு உலகின் சிறந்த மருத்துவர்கள் கிடைத்தார்கள். ரேங்கிங்கில் 600-ஆவது இடத்தில் இருக்கும் பையனின் பாதத்துக்கு யார் இருக்கிறார்கள்? என்னிடம் வரும் பெற்றோர்கள் யாரும் இதைத் திட்டத்தில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

ஜெனிஃபர் கேப்ரியாட்டியை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்காது. 1990-இல் 14 வயது நிறைவதற்குள் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த அமெரிக்கச் சிறுமி. அதே வருடம் பிரெஞ்சு ஓபனில் அரையிறுதி. 1992-இல் ஒலிம்பிக் தங்கம். 1993-இல், 17 வயதில், ஆட்டத்தை விட்டே விலகிப் போனார். சிறு வயதில் இவ்வளவு சுமை ஆகாது என்று பெண்கள் டென்னிஸ் அமைப்பு வயது வரம்பு விதிகளை இறுக்கியது அதற்கப்புறம்தான். அந்தப் பெண் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து 2001-இல் ஆஸ்திரேலிய ஓபனையும் பிரெஞ்சு ஓபனையும் வென்றார். திறமை எங்கும் ஓடிப்போகவில்லை, காத்திருந்தது. "இப்போது விட்டால் எப்போதும் இல்லை" என்று சொல்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

கோச்சைப் பற்றி ஒன்று. அவர் கெட்ட எண்ணத்தில் பேசுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டோனி அண்ணன் மகனிடம் சம்பளம் வாங்கவில்லை. அதனால்தான் மூஞ்சிக்கு நேரே உண்மையைச் சொல்ல முடிந்தது, பயிற்சி முடிந்ததும் பந்தைப் பொறுக்கச் சொல்லவும் கோர்ட்டைப் பெருக்கச் சொல்லவும் முடிந்தது. பையன் பள்ளியை விட்டால் யாருக்குக் கட்டணம் கூடுமோ அவருடைய யோசனையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கட்டணம் வாங்காத இன்னொரு அனுபவசாலியிடம், முடிந்தால் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரிடம், அவன் ஆடுவதைக் காட்டுங்கள்.

பணக் கணக்கு கசப்பானது, ஆனாலும் பார்க்க வேண்டும். பிரெஞ்சு ஓபன் ஆண்கள் ஒற்றையரில் 128 இடம். அதில் 104 பேர் ரேங்கிங்கை வைத்து நேராக உள்ளே வருவார்கள்; மீதி இடங்கள் தகுதிச் சுற்றில் ஜெயித்து வருபவர்களுக்கும், வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தாங்களே அழைத்து, வருபவர்களுக்கும். அதாவது உலகின் முதல் நூறை ஒட்டி இருந்தால்தான் அந்தக் கதவு தானாகத் திறக்கும். கீழ்ப்படியில் 15,000 டாலர் போட்டி என்பார்கள். அது எல்லோருக்கும் சேர்த்த மொத்தத் தொகை. பட்டம் வெல்பவர் கையிலேயே 2,000 டாலரை ஒட்டித்தான் வரும். விமான டிக்கெட், தங்கும் அறை, கோச்சின் செலவு எல்லாம் அதிலிருந்து. ரேங்கிங் புள்ளிகளும் 52 வாரம்தான் நிற்கும். காயம் பட்டு உட்கார்ந்தால் உதிர்ந்துகொண்டே போகும்.

ஆகவே என் யோசனை: பள்ளியை நிறுத்தாதீர்கள், பள்ளியின் நேரத்தை மாற்றுங்கள். போட்டிக்கு விடுப்புத் தரும் பள்ளி இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் தினமும் வகுப்புக்குப் போகத் தேவையில்லாத திறந்தநிலைப் பள்ளி முறையில் பதிவு செய்து, வருடா வருடம் பரீட்சை எழுதட்டும். சர்வதேச ஜூனியர் போட்டிகள் 13 வயதில் தொடங்கி 18 வரை நடக்கின்றன. பள்ளியில் இருந்துகொண்டே ஆட அங்கே நான்கு வருடம் மிச்சம் இருக்கிறது. அதற்கு அப்புறமும் கதவு மூடுவதில்லை. ஜான் இஸ்னர் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடிவிட்டு வந்து உலக ரேங்கிங்கில் 8-ஆவது இடம் வரை போனார். கெவின் ஆண்டர்சன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், 2017 அமெரிக்க ஓபனிலும் 2018 விம்பிள்டனிலும் இறுதிக்கு வந்தார். கேமரன் நோரி, பென் ஷெல்டன் இருவரும் கல்லூரி ஆட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். டென்னிஸ் ஆடுபவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் தரும் உதவித்தொகைக்குப் பள்ளி மதிப்பெண் வேண்டும். பரிசுப் பணம் வாங்குவதிலும் விதிகள் உண்டு, அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வருடத்து விதியைப் படித்துவிடுங்கள். இன்றைக்குப் பள்ளியை விட்டால் இந்த வழி முழுவதுமாக அடைபடும். பிசியோதெரபி, உடற்பயிற்சித் துறை, நடுவர் பணி, ஆட்டப் புள்ளிவிவர ஆய்வு என்று டென்னிஸோடு ஒட்டிய வேலைகளும் இருக்கின்றன. அதை இப்போது அவனிடம் பேச வேண்டாம், தோற்றுப்போவாய் என்று சொல்வதாகக் காதில் விழும்.

ஒரு மாதம் அவனைக் கவனியுங்கள். ஜெயித்த நாளை விட்டுவிடுங்கள். மோசமாகத் தோற்ற மறுநாள் காலை, யாரும் எழுப்பாமல் எழுந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறானா? பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில், கோச் வேறு பக்கம் திரும்பிய பிறகு, என்ன செய்கிறான்? தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த மாதம் என்னைப் பார்க்க வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குள் அவன் ஒரு வேலை செய்யட்டும். தான் ஆடும் வயதுப் பிரிவில் கடந்த பத்து வருடங்களில் பட்டம் வென்றவர்கள் யார் யார், இப்போது ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து, தன் கையாலேயே எழுதிக்கொண்டு வரட்டும். நீங்கள் உதவ வேண்டாம். அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பேசுகிறோம்.