தூண்டில் கேள்வி பதில்: கணவாய் ஃப்ளைக்குக் கண் எந்தப் பக்கம்?

கேள்வி: மே மாதம் அமெரிக்காவின் கேப் காட் பக்கம் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் பிடிக்கப் போகிறேன். கடையில் வாங்கிய கணவாய் ஃப்ளையில் (கணவாய் போல இறகாலும் இழையாலும் கட்டிய பொய் இரை) கண்கள் தூண்டில் முள்ளின் வளைவுப் பக்கம் இருக்கின்றன. தவறாக ஒட்டிவிட்டார்களா? நானே கட்டினால் எப்படிக் கட்டுவது?

பதில்: சரியாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள். மிரண்ட கணவாய் நீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்புறமாகப் பாயும். கூர்முனை முன்னே போக, தலையும் கைகளும் பின்னால் இழுபடும். கணவாய் சுத்தம் செய்தவர்களைக் கேளுங்கள், குழாயின் திறந்த வாயில்தான் தலை இருக்கும் என்பார்கள். ஆகவே தூண்டில் நரம்பு கட்டும் காதுப் பக்கம் (முள்ளின் துளை உள்ள முனை) கணவாயின் கூர்முனை, வளைவுப் பக்கம் கண். ஏப்ரல் கடைசியில் கேப் காட்டுக்குத் தெற்கே உள்ள நாண்டக்கெட் சவுண்டு கடற்பகுதிக்குள் முட்டையிட வரும் லாங்ஃபின் கணவாயைத் துரத்தும் பாஸுக்கு இந்த உருவம் அத்துப்படி.

நீளத் தண்டுள்ள 3/0 அளவு ஸ்டெயின்லெஸ் முள்ளை வைஸில் (முள்ளைப் பிடித்து நிறுத்தும் இடுக்கி) மாட்டுங்கள். காதிலிருந்து வளைவு வரை நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுங்கள். இல்லாவிட்டால் முழு உடலும் தண்டில் வழுக்கிச் சுழலும். வளைவு தொடங்கும் இடத்தில் நூலாலேயே மிளகளவு முண்டு ஒன்று. முண்டை ஒட்டி முன்பக்கமாக, விறைப்பான மான்வால் முடியில் 5 செ.மீ. கற்றை ஒன்றைக் கட்டுங்கள். அதைச் சுற்றிச் சேவலின் முதுகு இறகு எட்டு, 8 செ.மீ. நீளத்தில்; இருபுறமும் 12 செ.மீ. இறகு ஒவ்வொன்று. எட்டுக் கை, இரண்டு நீளக் கை, கணக்கு சரி. இறகின் வளைவு வெளிப்பக்கம் விரியும்படி வையுங்கள். உள்பக்கம் திரும்பினால் நனைந்ததும் எல்லாம் ஒரே வாலாக ஒட்டிக்கொள்ளும்.

இறகின் அடியில் இருபுறமும் 10 மி.மீ. கண்ணை யூவி ரெசினால் (புற ஊதா ஒளியில் இறுகும் பசை) ஒட்டுங்கள். பிறகு வெள்ளை அல்லது வெளிர் ரோஸ் நிற நீள இழை சினிலை (செயற்கை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் கயிறு) காது நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இழைகளை விரலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். காதுக்கு 3 மி.மீ. முன்பே நிறுத்தி முடிச்சிடுங்கள். நெருக்கிக் கட்டிவிட்டு நரம்பு நுழையாமல் திண்டாடுகிறவர்கள்தான் அதிகம். கடைசியில் கத்தரியால் கூம்பாக்கி, செம்பழுப்பு மார்க்கரால் முதுகில் புள்ளி வையுங்கள்.

கேள்வி: என் ஃப்ளை ஒருக்களித்து நீந்துகிறது, இழுத்தால் சுழல்கிறது.

பதில்: கண்கள் ஒரே மட்டத்தில் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஒரு பக்கம் இறகு அதிகமாக இருக்கலாம். அடுத்ததைக் கட்டும்போது 2 செ.மீ. ஈயக் கம்பியைத் தண்டின் அடிப்பக்கம் நீளவாக்கில் வைத்துக் கட்டுங்கள். தண்டைச் சுற்றிச் சுற்றாதீர்கள். எடை எல்லாப் பக்கமும் பரவிவிட்டால் ஃப்ளை நிமிராது. பக்கெட் தண்ணீரில் இழுத்துப் பார்த்துவிட்டே கடலுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: முயல் ரோமத்தில் கட்டினேன், வீசவே முடியவில்லை. இறகும் முள்ளில் சுற்றிக்கொள்கிறது.

பதில்: முயல் ரோமம் அழகாக அசையும், ஆனால் தண்ணீரைக் குடித்து ஈரத்துணி போலாகும். செயற்கை இழை ஒரு உதறலில் நீரை விட்டுவிடும். அப்போதும் 9 அல்லது 10 வெயிட் (கோலின் வலிமையைக் குறிக்கும் எண்) கோல் வேண்டும். இறகு சுற்றுவது மான்வால் கற்றை இல்லாததால். மென்மையான இறகை முள்ளின் வளைவிலிருந்து தள்ளிப் பிடிப்பது அதுதான்.

கேள்வி: எப்படி இழுப்பது?

பதில்: ஒரு நீள இழுப்பு, இரண்டு நொடி நிறுத்தம். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் மீன் அடிக்கும், நரம்பைத் தொய்யவிடாதீர்கள்.