நொடி முள்ளுக்காக ஓடும் வானிலை

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பில் ரெயின்மீட்டர் (திரையில் விட்ஜெட் வைக்க உதவும் மென்பொருள்) போட்டு, சொந்தமாக ஒரு விட்ஜெட் எழுதினேன். முள் கடிகாரம், தமிழில் கிழமை, ஆங்கில மாதம், தமிழ் மாதம், எங்கள் ஊர் வானிலை எல்லாம் ஒரே ஸ்கின்னில் (ரெயின்மீட்டரில் விட்ஜெட்டுக்குப் பெயர் அதுதான்) இருக்கின்றன. தமிழ் வர வேண்டிய இடத்தில் குப்பை எழுத்துகள் வருகின்றன. ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது. முதல் நாள் வந்த வானிலை மறுநாள் நின்றுவிட்டது. நொடி முள் வழுக்கி ஓட வேண்டும் என்று அப்டேட் மதிப்பை 25 ஆக வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. லுவா என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு மொத்தத்தையும் திருப்பி எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். லுவாவில் எழுதினாலும் இந்த மூன்று தொல்லையும் கூடவே வரும்.

முதலில் குப்பை எழுத்து. உற்றுப் பாருங்கள், தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து ஒன்றும், பக்கத்தில் வணிகக்குறி போல வட்டத்துக்குள் ஓர் எழுத்தும் மாறி மாறி வருகிறதா? அப்படியானால் கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் (என்கோடிங்) சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையில் ‘அ’ என்ற ஓரெழுத்துக்கு மூன்று பைட்டு. ரெயின்மீட்டர் அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்துவிடுகிறது. ஸ்கின் கோப்பில் தமிழ் இருந்தால் அது யூடிஎஃப்-16 எல்இ முறையில் இருக்க வேண்டும். 2019-க்குப் பிறகு வந்த நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8 முறையைப் பிடித்துக்கொள்கிறது என்பதால், ‘சேவ் ஆஸ்’ பெட்டியின் அடியில் உள்ள என்கோடிங்கை நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஸ்கின்னோடு இணைக்கும் துணைக் கோப்புகளையும் மறக்காதீர்கள். நான் மெயின் கோப்பை மட்டும் மாற்றிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துருவுக்கு நிர்மலா யுஐ போதும். விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது.

ஃபேனும் வானிலையும் வேறு வேறு கோளாறு போலத் தெரியும். இரண்டுக்கும் காரணம் அந்த 25-தான். அப்டேட் என்பது மில்லிவிநாடிக் கணக்கு. வழக்கமாக 1000, அதாவது விநாடிக்கு ஒரு தடவை. 25 என்று வைத்ததும் உங்கள் ஸ்கின் விநாடிக்கு 40 தடவை விழித்து வேலை பார்க்கிறது. முள் மட்டுமா? இன்றைக்கு என்ன கிழமை என்பதையும் 40 தடவை கேட்டுக்கொள்கிறது.

இணையத்திலிருந்து வானிலையைக் கொண்டுவரும் வெப்பார்சர் என்ற பகுதிக்கு ‘அப்டேட் ரேட்’ என்று தனியாக ஒரு மதிப்பு உண்டு. நாம் எதுவும் எழுதாவிட்டால் அது 600. இந்த 600 விநாடிக் கணக்கு இல்லை, ஸ்கின்னின் துடிப்புக் கணக்கு, அதாவது ஸ்கின் எத்தனை தடவை விழித்தது என்ற கணக்கு. துடிப்பு 1000 மில்லிவிநாடி என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போய்க் கேட்கும். 25 என்றால் 15 விநாடிக்கு ஒரு முறை, நாளுக்கு 5,760 முறை. இலவசமாக வானிலை தருகிறவர் கதவைச் சாத்தியிருக்கவே வாய்ப்பு அதிகம். டிரே ஐகானை வலது கிளிக் செய்து, ‘அபவுட்’ சாளரத்தில் லாகை (நடந்தவற்றின் பதிவை) பாருங்கள். வெப்பார்சர் பெயரில் பிழை வரிகள் நின்றால் சந்தேகமே இல்லை.

ஆக, முள் கடிகாரத்தைப் பிரித்துத் தனி ஸ்கின் ஆக்குங்கள். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் சொந்தத் துடிப்பு உண்டு. அதைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்: ஒரே ஃபோல்டரில் இரண்டு ஐஎன்ஐ கோப்புகள் (ஸ்கின்னை எழுதும் கோப்புகள்) இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏறும். என்னைக் கேட்டால், நொடி முள் டிக் டிக்கென்று தாவினால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆசை விடவில்லை என்றால் அந்தச் சின்ன ஸ்கின்னுக்கு மட்டும் 25 இருக்கட்டும்.

மற்றதெல்லாம் 1000-இல் ஓடட்டும். பிறகு ஒரு தாளில், எது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் எந்த விட்ஜெட்டையும் இந்தத் தாளில்தான் தொடங்குவேன்; நிறமும் எழுத்துருவும் அப்புறம். எத்தனை துடிப்புக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லும் மதிப்பு ‘அப்டேட் டிவைடர்’. கிழமைக்கு அதை 60 என்று போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். மாறவே மாறாத தலைப்புக்கு -1; ஸ்கின் ஏறும்போது ஒருமுறை பார்ப்பதோடு சரி. இந்த உற்சாகத்தில் வெப்பார்சருக்கும் 60 போட்டுவிடாதீர்கள். இரண்டும் பெருகி 60 × 600 = 36,000 விநாடி ஆகும். காலையில் வந்த வானிலை பத்து மணி நேரம் அப்படியே நிற்கும்.

கிழமைப் பெயருக்கு லுவா தேவையில்லை. கிழமை எண்ணை வாங்கி, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் காட்டும் ‘சப்ஸ்டிடியூட்’ வரியில் 0-க்கு ஞாயிறு, 1-க்குத் திங்கள் என்று எழுதினால் முடிந்தது. ஆங்கில மாதத்தையும் இப்படியே செய்யலாம். ஆனால் 01, 02 என்று இரண்டு இலக்கமாக வாங்குங்கள். வெறும் 1-க்கு ஜனவரி என்று எழுதினால் அக்டோபரில் ‘ஜனவரி0’ என்று வந்து நிற்கும்.

தமிழ் மாதம் கொஞ்சம் வீம்பு பிடிக்கும். சூரியன் ராசி மாறும் நேரத்தை வைத்து மாதம் பிறப்பதால், 29 நாளிலிருந்து 32 நாள் வரை நீளம் மாறுகிறது. அதைக் கணக்கிட நிரல் எழுத உட்கார்ந்தால் விட்ஜெட் மறந்துபோகும். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த ஆண்டின் 12 மாதப் பிறப்புத் தேதிகளை ஓர் அட்டவணையாக எழுதி, இன்றைய தேதியோடு ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் லுவா கைகொடுக்கும், இருபது வரிக்குள் அடங்கும். அந்தக் கோப்பையும் யூடிஎஃப்-16 எல்இ முறையிலேயே சேமியுங்கள். அட்டவணையைச் சித்திரைக்குச் சித்திரை மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால், தேதி தாண்டியதும் ‘பஞ்சாங்கம் பார்க்கவும்’ என்று விட்ஜெட்டே காட்டும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.