இன்ஸ்டாக்ஸில் ஷின்கான்சென் கலங்கி விழுவது பற்றி

வணக்கம். ஜப்பானின் ஒடவாரா நிலையத்தில் நிற்காமல் கடந்த நொசோமியை (ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில்களில் ஒன்று), படத்தை உடனே அச்சிட்டுத் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி 12 கேமராவில் எடுத்தால் வெறும் வெள்ளைக்கோடாக வருகிறது என்றீர்கள். தப்பு உங்கள் கையில் இல்லை. அந்தக் கேமராவின் அதிகபட்ச ஷட்டர் வேகமே 1/250 நொடிதான். மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் அந்த இடைவெளிக்குள் 30 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நின்று எடுக்காமல், நடைமேடை ஓரத்திலிருந்து ரயில் எதிரே வரும் கோணத்தில் எடுங்கள், கலங்கல் குறையும். மஞ்சள் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

ஃப்ளாஷ்தான் பெரிய சிக்கல். மினி 12-இல் அதை அணைக்கவே முடியாது, ஆனால் அதன் வெளிச்சம் எட்டுவதோ 2.2 மீட்டர் வரைதான். ரயிலுக்குப் பயனில்லை, ஓட்டுநர் கண்ணைக் கூசவைக்கும். கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள். பக்கத்திலுள்ள ஒளி சென்சாரை மட்டும் மறைத்துவிடாதீர்கள். டேப் ஒட்டியபின் நல்ல வெயிலில் மட்டும் எடுங்கள்.

என்னைக் கேட்டால், பழைய போட்டோ போன்ற தோற்றம் வேண்டுமென்பவர் ஷின்கான்சென்னைத் துரத்தவே வேண்டாம். காமகுராவுக்குப் போங்கள். அங்குள்ள எனோடென் என்ற உள்ளூர் ரயில் கொஷிகொஎ நிலையத்தின் பக்கம் கடைகளுக்கு நடுவே, தெருவிலேயே மெதுவாக ஊர்ந்து வரும். பச்சையும் வெண்மஞ்சளும் பூசிய பெட்டி, அந்த ஃபிலிமுக்கென்றே செய்தது போலிருக்கும்.

குளிர்காலமென்றால், வெளியே வந்த படத்தை உடனே சட்டைப் பைக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் நீலம் பாரித்துவிடும்.