குறட்டை: நாக்குப் பயிற்சி கைகொடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. என் குறட்டை தாங்காமல் மனைவி பக்கத்து அறையில் படுக்கிறார். மல்லாந்து படுத்தால்தான் சத்தம் அதிகமாம். மூக்கில் ஒட்டும் பட்டையும், தாடையைக் கட்டும் பட்டையும் வாங்கிப் பார்த்தேன், பலனில்லை. நாக்குக்குப் பயிற்சி செய்தால் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: குறையும், ஆனால் ஒரு வாரத்தில் அல்ல. தூக்கத்தில் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றிய தசையும் தளர்ந்து, காற்று போகும் வழி குறுகுகிறது. அந்த இடுக்கில் காற்று நுழையும்போது தசை அதிர்வதுதான் குறட்டை. பயிற்சி இந்தத் தசைகளுக்கு வலுவேற்றுகிறது. 2015-ல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில், தினமும் மூன்று வேளை, வேளைக்குச் சுமார் 8 நிமிடம் என 3 மாதம் செய்தவர்களுக்குக் குறட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

கண்ணாடி முன் உட்காருங்கள். நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, அண்ணத்தை ஒட்டியபடியே பின்னோக்கி இழுங்கள். அப்புறம் நாக்கு முழுவதையும் அண்ணத்தோடு உறிஞ்சினாற்போல் அழுத்திப் பிடித்து விடுங்கள். அடுத்து, நுனி கீழ் முன்பற்களைத் தொட்டபடி இருக்க, நாக்கின் பின்பகுதியை மட்டும் கீழே அழுத்த வேண்டும். கடைசியாக, வாயை அகலத் திறந்து ‘ஆ’ சொல்லி உள்நாக்கை மேலே தூக்குங்கள். அது எழும்புவது கண்ணாடியில் தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் 20 தடவை. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அதனால் குளியலறைதான் வசதி.

மூக்குப் பட்டை எல்லோருக்கும் உதவாது. கன்னத்தை விரலால் மூக்கிலிருந்து விலக்கிப் பிடித்து மூச்சை இழுத்துப் பாருங்கள். காற்று முன்பைவிடத் தாராளமாகப் போனால்தான் பட்டை உதவ வாய்ப்பு உண்டு. உங்களுக்குச் சிக்கல் தொண்டையில் இருக்கலாம். தாடைப் பட்டையால் பெரும்பாலும் பயனில்லை, தூக்கி வையுங்கள். வாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். மூக்கடைப்போ மூச்சுத்தடையோ உள்ளவருக்கு அது ஆபத்து.

மல்லாந்தால்தான் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எளிய வழி இருக்கிறது. பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். புரண்டால் உறுத்தும், தானாக ஒருக்களித்துவிடுவீர்கள். தலையணைகளை அடுக்க வேண்டாம், கழுத்து மடங்கி வழி இன்னும் குறுகும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தலாம். படுக்கும் முன் மது, மருத்துவர் சொல்லாத தூக்க மாத்திரை இரண்டுமே தசையைத் தளர்த்தும். எடை கூடியிருந்தால் குறைப்பது பயிற்சியைவிடவும் பலன் தரலாம். கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் சாதனத்தைப் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொள்வதும் நல்ல வழி.

இதையெல்லாம் தொடங்குமுன் மனைவியிடம் ஒன்று கேளுங்கள். குறட்டை திடீரென நின்று, 10 விநாடியோ அதற்கு மேலோ அமைதிக்குப் பிறகு திணறி மூச்சு வாங்குகிறீர்களா? பகலில் கண் சொருகுகிறதா, காலையில் தலை வலிக்கிறதா, ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதா? இருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம், பயிற்சியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டிலேயே கருவி பொருத்திச் செய்யும் வசதியும் உண்டு. பகல் தூக்கம் இருந்தால், முடிவு வரும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.